காகிதம் உயிரைக் காக்குமா என்று கேட்பவர்களுக்கு

சேலம் ஐந்து ரோட்டில் கிளம்பிச் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று எந்தப் பெரிய கட்டுமானத் தளத்தின் வாசலில் போய் நின்றாலும், பாதுகாப்பு ஆவணங்களைப் பற்றி ஒரே பேச்சுதான் காதில் விழும். “பேப்பரு உசுரக் காப்பாத்துமாங்க? பெல்ட்டுதானுங்க காப்பாத்தும். பேப்பரு, கம்பெனிக்காரங்க தப்பிச்சுக்க வாங்கறது.” சென்ட்ரிங் மேஸ்திரி சொல்கிறார். கம்பி கட்டும் வேலையை எடுத்தவர் சொல்கிறார். குழாய் பதிக்கக் குழி தோண்டுகிறவர் சொல்கிறார். ஃபைலைக் கேட்டு வாங்கும் சேப்டி ஆபீசரே, பக்கத்தில் ஆள் இல்லாதபோது, இதைத்தான் சொல்கிறார். எல்லோரும் சொல்வதால் இது அனுபவம் தந்த அறிவு போலத் தோன்றுகிறது. நான் இதை முழுக்க மறுக்கிறேன். இந்தப் பேச்சால் அதிகம் இழப்பவர், இதை உரக்கச் சொல்லும் சப் கான்ட்ராக்டரும் அவருக்குக் கீழே ஏறி இறங்கும் ஆட்களும்தான்.

எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்துப் பதினைந்து ஆட்களோடு ஒரு பெரிய திட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால், கேட்டில் கேட்கும் காகிதம் கொஞ்சநஞ்சமில்லை. ஆட்கள் பட்டியல், ஆதார் நகல், வயதுச் சான்று, மருத்துவத் தகுதி, உயரத்தில் ஏறுகிறவருக்குத் தனிச் சான்று, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், இழப்பீட்டுக் காப்பீடு, வேலை செய்யும் முறையைச் சொல்லும் மெத்தட் ஸ்டேட்மென்ட், அபாய மதிப்பீடு, ஹெல்மெட்டும் பெல்ட்டும் கொடுத்ததற்கான பதிவேடு, கிரேன் வந்தால் அதன் சோதனைச் சான்று, ஆபரேட்டர் லைசென்ஸ். உள்ளே போன பிறகு தினமும் டூல்பாக்ஸ் பேச்சுக்குக் கையெழுத்துத் தாள், வேலைக்கு வேலை பெர்மிட். இவை இல்லாமல் கேட் பாஸ் கிடையாது. கேட் பாஸ் இல்லாமல் பில் கிடையாது. ஆகவே பெரும்பாலோர் ‘டாக்குமென்ட் போட்டுத் தருகிற’ ஒருவரைப் பிடிக்கிறார்கள். அவருடைய கணினியில் ஓசூரிலோ ஶ்ரீபெரும்புதூரிலோ எப்போதோ யாருக்கோ போட்ட ஃபைல் இருக்கும். பெயரை மாற்றி, தேதியை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தந்துவிடுவார். ஆறடிக் குழியில் குழாய் பதிக்கும் வேலைக்குக் கொடுத்த ஃபைலில் டவர் கிரேன் ஆபத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மண் சரிவுக்கு ஒரே வரி. எச்சரிக்கையாக இருக்க வேண்டுமாம். இந்த மாதிரி ஃபைல் எவருடைய உயிரையும் காக்காது.

ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு ஒன்றே ஒன்று: வேலை தெரியாதவர் எழுதிய காகிதம் வீண். காகிதமே வீண் என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவ முடியாது. நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. ஆர்.சி. புக், எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு லாரியை வடக்கே அனுப்ப இந்த ஊரில் எந்த உரிமையாளரும் துணிய மாட்டார். காகிதம் பிரேக் பிடிக்காது என்று எந்த டிரைவரும் வாதாடுவதில்லை. எந்தத் தாள் எந்த செக்போஸ்ட்டில், எந்த விபத்தில், எந்தக் கோர்ட்டில் உதவும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கட்டுமானத்தில் மட்டும் நாம் அந்த அறிவைக் கேட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

மிகச் சாதாரணத் தாளிலிருந்து தொடங்குகிறேன்: ஆட்கள் பட்டியல். 2014 ஜூன் 28, சனிக்கிழமை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் மொத்தமாக உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். தேடல் கிட்டத்தட்ட ஒரு வாரம் நடந்தது. தமிழ்நாடு, ஆந்திரா, ஒடிசா என்று பல பக்கத்து ஆட்கள் அந்தத் தளத்தில் இருந்தார்கள். உள்ளே எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதே தெளிவில்லாமல் மீட்புக் குழு இடிபாட்டை அகற்ற வேண்டியிருந்தது. இன்று காலை உள்ளே போனவர் யார், எந்த மாடியில், யாருடைய ஆள் என்ற ஒரு தாள் கேட்டில் இருந்தால், எங்கே தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்று அது சொல்லும். அந்தத் தாளை எழுதக்கூடிய ஒரே ஆள் சப் கான்ட்ராக்டர். தலைமைக் கம்பெனிக்குத் தெரிவது எண்ணிக்கை. முகமும் பெயரும் தெரிந்தவர் மேஸ்திரிதான். முந்தின நாள் ஊருக்குப் போனவன் பெயரும் இன்று காலை ரயிலில் வந்து இறங்கியவன் பெயரும் அவருக்கு மட்டும் தெரியும். அவர் அந்தத் தாளை ‘ஃபார்மாலிட்டி’ என்று நேற்றைய பட்டியலையே நகலெடுத்துக் கொடுத்தால், புதிதாக வந்த அந்த ஆளை மண்ணுக்குள் யாரும் தேட மாட்டார்கள்.

அடுத்தது இழப்பீடு. இங்கே கணக்கு போட்டே பார்க்கலாம். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையில் இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் கணக்குக்கான கூலி உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாயாக உயர்ந்தது. இறந்தவருக்கு 30 வயது என்றால் காரணி 207.98. குடும்பத்துக்குச் சேர வேண்டியது 15,59,850 ரூபாய். அதே ஆளுக்கு வயதைக் காட்டும் தாள் எதுவும் இல்லாமல், பார்வைக்கு நாற்பது என்று யாரோ எழுதிவிட்டால் காரணி 184.17 ஆகிவிடும். தொகை 13,81,275. பதிவேட்டில் பிறந்த தேதிக்கான அந்த ஒரு கட்டத்தின் விலை 1,78,575 ரூபாய். நாள்கூலி எவ்வளவு என்ற தாளே இல்லை என்றால் இன்னும் விழும். இவர் எங்கள் ஆளே இல்லை என்று சொல்ல இடமிருந்தால் குடும்பத்துக்கு எதுவுமே வராமல் போகலாம். வேலை செய்தவர் இறந்துவிட்டார். அவருக்காகச் சாட்சி சொல்ல அந்தப் பதிவேடு மட்டும்தான் மிஞ்சுகிறது.

சப் கான்ட்ராக்டர்கள் கவனிக்காத இன்னொன்றும் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருந்தது. தலைமை நிறுவனம் இழப்பீட்டைக் கட்ட வேண்டி வந்தால், கட்டிய தொகையை ஒப்பந்ததாரரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். பெரிய கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருக்கிறவர் வீட்டு வாசலுக்கே அந்தக் கணக்கு வந்து சேரும். அப்போது அவர் கையில் இருக்க வேண்டியது, தன் ஆட்கள் எண்ணிக்கைக்குச் சரியாகப் பொருந்தும் காப்பீடு. பாலிசியில் பத்துப் பேர், தளத்தில் இருபத்தைந்து பேர் என்றால் காப்பீட்டு நிறுவனம் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கும். ‘கம்பெனி தப்பிச்சுக்க வாங்கற பேப்பர்’ என்ற பேச்சை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனி தப்பித்துக்கொள்கிறது, சரி. நீங்கள் தப்பிக்க வேண்டாமா?

இதுவரை சொன்னவை விபத்துக்குப் பிறகு உதவும் காகிதங்கள். காகிதம் விபத்தைத் தடுக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி. தடுக்கும். அதற்கு நான் சென்ட்ரிங் வேலையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துத் தளங்களில் மேஸ்திரியின் தலையில் மிக அதிகமாக அழுத்தம் விழுவது அங்கேதான்.

ஆறங்குலத் தளம் ஒன்றுக்கு, கம்பியும் ஈரக் கலவையும் சேர்ந்து, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 கிலோ எடை. முட்டுகள் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒவ்வொரு முட்டும் அந்த 375 கிலோவைத் தாங்கும். இடைவெளியை ஒன்றேகால் மீட்டராக்கினால் ஒரு முட்டின் மேல் விழுவது 586 கிலோ. ஒரு ஜாண் கூட்டினால் சுமை பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. இதற்கு மேல் ஆட்கள், வைப்ரேட்டர், பம்ப்பில் வந்து ஒரே இடத்தில் குவியும் கலவை. மேஸ்திரிக்கு இந்தப் பெருக்கல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்த முட்டு நொடிக்கும், எந்த இடத்தில் மண் இளகும் என்பது அவருக்குக் கையிலேயே தெரியும். தளத்தில் ஜாக்கி பற்றாக்குறை வரும்போது, ‘இடைவெளியைக் கொஞ்சம் விட்டுப் போடுங்க’ என்று மேலிருந்து ஒரு வாய்வார்த்தை வரும். இடைவெளி இவ்வளவு என்று அவரே எழுதி, கம்பெனி எஞ்சினியர் கையெழுத்திட்ட ஒரு தாள் அவரிடம் இருந்தால், அந்த வாய்வார்த்தையை அவர் நிறுத்தி வைக்கலாம். ‘சரிங்க சார், இந்தத் தாளைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, மாத்திப் போட்டுர்றேன்.’ அந்த வாக்கியத்துக்கு முன்னால் பாதி வாய்வார்த்தைகள் பின்வாங்கிவிடும். கையெழுத்துப் போடுகிறவர் போடுவதற்கு முன்னால் ஒருமுறை யோசிப்பார். அந்த யோசனைதான் பாதுகாப்பு.

முட்டுப் பிரிக்கும் நாளும் இப்படித்தான். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், நாலரை மீட்டர் வரை விரியும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள் என்று சொல்கிறது. இது சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குச் சொன்ன கணக்கு. நம் பக்கம் சர்வசாதாரணமாகப் புழங்குவது சாம்பல் கலந்த சிமென்ட். அதற்கு நாள் கூடலாம். ஆனால் அடுத்த மாடிக்கு ஜாக்கி வேண்டும், வாடகை ஏறுகிறது, ஷெட்யூல் பின்தங்குகிறது. ‘நாளைக்குப் பிரிச்சுருங்க’ என்று போன் வருகிறது. ஊற்றிய தேதி, சிமென்ட் வகை, பிரிக்கலாம் என்ற தேதி ஆகிய மூன்றையும் எழுதி, பீமிலேயே ஒட்டிய ஒரு அட்டைக்கு எதிராகப் போனில் பேசுவது எளிதல்ல. கேட்டில் எதையும் மறுக்க முடியாத, ரேட்டைக் கூடப் பேரம் பேச முடியாத ஒரு சின்ன மனிதருக்கு, மறுக்கும் உரிமையைத் தரும் ஒரே கருவி அந்த அட்டை. அதையும் டாக்குமென்ட் போடுகிறவரிடம் விட்டுவிட்டு, ‘எங்க பேச்சை யாரு கேக்கறாங்க’ என்று வருந்துவதில் நியாயம் இல்லை.

குழி வேலைக்கு வருவோம். சேலம் நகரத்துத் தெருக்களில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளங்களைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கச்சுவர் முட்டு கொடுக்க வேண்டும் என்பது தரக் குறியீடு. எடுத்த மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி தூரம் தள்ளி, எது அதிகமோ அந்தத் தூரத்தில் கொட்ட வேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் விதி. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் ஒன்றரை மீட்டர் தள்ளினால் மண் யாருடைய வீட்டுத் திண்ணையிலோ போய் நிற்கும். ஆகவே மண்ணை அவ்வப்போது லாரியில் அகற்ற வேண்டும். பலகையும் ஸ்ட்ரட்டும் வாங்க வேண்டும். இவை காசு. ஒப்பந்தம் போடும்போது மீட்டருக்கு இவ்வளவு என்று ரேட் பேசிவிட்டு, ஃபைலைப் பிறகு வேறொருவரிடம் போட்டுக் கொடுத்தால், ஃபைலில் ‘தகுந்த முட்டு கொடுக்கப்படும்’ என்றிருக்கும், ரேட்டில் பலகைக்குக் காசு இருக்காது. அந்தப் பள்ளத்தில் பலகை ஏறவே ஏறாது. மெத்தட் ஸ்டேட்மென்ட்டை ரேட் பேசுவதற்கு முன்னால், வேலை எடுப்பவரே எழுதினால், அதன் ஒவ்வொரு வரியும் ஒரு செலவுக் கணக்காக மாறும். ‘முட்டுக்கு இவ்வளவு, மண் அள்ள இவ்வளவு, முடியாதென்றால் இந்த ஆழத்துக்கு நான் இறங்க மாட்டேன்’ என்று சொல்ல முடியும். பாதுகாப்பு ஆவணம் விலைப்புள்ளியின் முதல் பக்கமாக இருக்க வேண்டும் என்பதை நம் சப் கான்ட்ராக்டர்களில் மிகச் சிலர்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் ஃபைலைச் சுமையென்று சொல்லிக் கேட்டதில்லை.

படித்தவர்கள் இதே மறுப்பை இன்னும் கூர்மையாக வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரூ ரே, சிட்னி டெக்கர் முதலியோர் 2018இல் ‘பாதுகாப்புக் குப்பை’ என்ற கருத்தை எழுதினார்கள். பாதுகாப்பின் பெயரால் சேர்ந்துகொண்டே போய், நடக்கும் வேலையின் பாதுகாப்புக்கு ஒன்றும் உதவாத தாள்களையும் சடங்குகளையும் அப்படி அழைத்தார்கள். அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கேட்டது குப்பையை அகற்றச் சொல்லி. நம் ஊரில் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் குப்பையோடு வீட்டையும் கொளுத்தச் சொல்கிறார்கள். முட்டு இடைவெளித் தாளும் டவர் கிரேன் பத்தியும் ஒரே ஃபைலில் இருக்கின்றன என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

காகிதத்துக்கு எதிரான சாட்சியாக, 1988 ஜூலை 6 அன்று வட கடலில் 167 பேரைப் பலிகொண்ட பைபர் ஆல்ஃபா எண்ணெய் மேடையையும் சிலர் இழுப்பதுண்டு. பெர்மிட் முறை இருந்தும் வெடித்ததே என்பார்கள். நடந்தது என்ன? ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வை ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் கழற்றியிருந்தார்கள். அதற்கு ஒரு பெர்மிட் எழுதப்பட்டிருந்தது. இரவு ஷிப்டுக்கு அந்தத் தாளின் செய்தி போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும், வால்வு இல்லாத பம்ப்பை இயக்கினார்கள். சிறிய ஒப்பந்ததாரர் எழுதிய தாளில் உண்மை இருந்தது. பெரியவர்கள் அதைப் படிக்கும் இடத்தில் அது இல்லை. இதிலிருந்து தாளை ஒழி என்று பாடம் எடுப்பவருக்கு நான் என்ன சொல்ல? அந்தத் தாளைப் பம்ப்பிலேயே கட்டித் தொங்கவிடு என்பதுதான் இதன் பாடம்.

ஜப்பானில் சப் கான்ட்ராக்டர் தலைமைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பாதுகாப்புத் தாள்கள் நம்முடையதைவிடக் கனமானவை. 1960களில் அந்த நாட்டுக் கட்டுமானத்தில் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2023இல் அது 223. தாள்கள் மட்டுமே இதைச் செய்தன என்று நான் சொல்லவில்லை. 1972இல் வந்த கண்டிப்பான சட்டம், இயந்திரங்கள், பயிற்சி எல்லாம் சேர்ந்தவை. ஆனால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. சுமிட்டோமோ மெட்டல் ஆலையில் 1974இல் தொடங்கி நாடெங்கும் பரவியது. காலையில் வேலைக்கு முன்னால் அந்தக் குழுவின் ஆட்களே கூடி, இன்று நம் வேலையில் என்ன ஆபத்து, அதற்கு என்ன செய்வோம் என்று பேசி, தாங்களே எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். வேலை செய்கிறவர் எழுதும் காகிதம் என்று நான் சொல்வதன் நடைமுறை வடிவம் இது.

நம் தளங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த தொழிலாளி, தனக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருக்கும் தாளில் ரேகை வைக்கிறார். விபத்து நடந்தால் அந்த ரேகை அவருக்கு எதிராகவே திரும்புகிறது. இது அநியாயம். காகிதத்தை வெறுப்பவர்களின் கோபத்தில் நான் முழுக்கச் சேர்ந்துகொள்ளும் இடம் இது. 2024 டிசம்பர் 19 அன்று நம் மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி சரிந்து இறந்த இருவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் திட்டத் தளத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். சாவு வந்து விழுவது ஒப்பந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவர் தலையில்தான். அந்தக் கண்ணியில் நிற்பவருக்குப் புரியாத மொழியில் அவர் பெயரால் ஒரு தாள் இருக்கிறதென்றால், அவர் மொழியில் அதை மாற்றி எழுத வேண்டிய கடமை அவரைக் கூட்டி வந்தவருக்கு உண்டு. தாளே வேண்டாம் என்று அவர் கைகழுவினால், ஆங்கிலத் தாள் அப்படியே நீடிக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. ஐம்பது ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கீழே இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், இனிப் பேப்பர் தொல்லை இல்லை என்று சிலர் மகிழ்கிறார்கள். வீண் மகிழ்ச்சி. பழைய வரம்பு இருபது; அது ஐம்பதாகியிருப்பது லைசென்ஸுக்கு மட்டும். கட்டுமான வேலைக்கான பாதுகாப்பு விதிகளுக்குப் பத்துப் பேர் போதும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது புதிதாக வந்திருக்கிறது. இழப்பீட்டுப் பொறுப்புக்கோ, ஒரே ஒரு ஆள் வேலைக்கு வந்தால் போதும்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள், அதற்கு மட்டும் எனக்கு எளிதான பதில் இல்லை. ‘உண்மையை எழுதிக் கொடுத்தா அடுத்த வேலை தர மாட்டாங்க.’ தனி ஆளாக எழுதினால் அப்படி நடக்கும். பலகைக்குக் காசு கேட்டவரைத் தள்ளிவிட்டு, கேட்காதவருக்கு வேலை போனதை நம் ஊரிலேயே பலர் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இதை ஒருவர் துணிச்சலுக்கு விட முடியாது. சென்ட்ரிங், சாரம், குழி, கம்பி என்று தொழிலுக்குத் தொழில் சேலம், நாமக்கல் மேஸ்திரிகள் உட்கார்ந்து, தங்கள் வேலைக்கு இரண்டு பக்கத்தில் ஒரே தாளைத் தமிழில் எழுத வேண்டும். எல்லோரும் அதே தாளை நீட்டினால், நீட்டாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது கம்பெனிக்கு எளிதாக இருக்காது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் அந்தத் தாளை இந்தி, ஒடியா, வங்காளியில் பெயர்த்துத் தர வேண்டும். அரசும் மாநகராட்சிகளும் இந்தப் பகுதியின் மிகப் பெரிய கட்டுமான முதலாளிகள். மேட்டூர் உபரி நீரை நூறு ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் மட்டுமே 565 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கியது. பள்ள முட்டு, சாரம், முட்டுப் பிரிக்கும் காத்திருப்பு நாட்கள் ஆகியவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளியில் தனித் தொகை ஒதுக்கி, அது கடைசி சப் கான்ட்ராக்டர் வரை போய்ச் சேர வேண்டும் என்று எழுத அவர்களால் முடியும். சேலம் மாநகராட்சி அடுத்துக் கோரும் சாக்கடைப் பணி ஒப்பந்தத்திலேயே இதைச் செய்யலாம்.